வீடியோ ஓடவில்லையா? கடைக்குப் போகும் முன் பிளேயரின் செய்திப் பதிவைப் பாருங்கள்

அப்பாவின் மணிவிழா வீடியோவைப் பென் டிரைவில் வாங்கி வந்த அன்று வீடே மடிக்கணினி முன் கூடியிருந்தது. நான்கு கோப்புகளில் மூன்று நன்றாக ஓடின. மாங்கல்யதாரணம் இருந்த நான்காவதைத் திறந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரின் ஆரஞ்சுக் கூம்பு மட்டும் திரையில் நின்றது. படமும் இல்லை, ஒலியும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

ஸ்டூடியோவைக் கேட்டால், "எங்களிடம் ஓடுகிறது சார், உங்கள் கம்ப்யூட்டர்தான் சரியில்லை" என்றார்கள். நம்பிவிட்டேன். பழுது பார்க்கும் கடையில், கோடெக் (சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருள்) இல்லை, விண்டோசும் கெட்டுவிட்டது என்றார்கள். ஐந்து நாள் கழித்து 3,200 ரூபாய்க்கு பில் கொடுத்தார்கள். அதில் நீல மையில் ஒரு வரி: "விஎல்சி ஃபுல் வெர்ஷன் – 900". வீட்டுக்கு வந்து போட்டால் அதே கூம்பு. மறுபடி போனபோது, கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்றார் கடைக்காரர்.

அந்த 900 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. விஎல்சியில் காசு கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. 1996-இல் பாரிசுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது அது. இன்று பிரான்சில் இருக்கும் வீடியோலேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. வழக்கமான வீடியோக்களுக்கு வேண்டிய கோடெக்குகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

எட்டாயிரத்தையும் கொடுக்க இருந்தேன். அக்கா மகன்தான் போனில் தடுத்தான். "மாமா, பிளேயர் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள்" என்றான்.

விஎல்சியின் டூல்ஸ் பட்டியலில் மெசேஜஸ் என்று ஒன்று இருக்கிறது. விண்டோசில் கன்ட்ரோலையும் எம்மையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். அந்தச் சாளரத்தில் வெர்பாசிட்டி (எவ்வளவு விவரமாகச் சொல்ல வேண்டும்) என்ற எண்ணை 2 ஆக்க வேண்டும். அதன் பிறகுதான் வீடியோவை ஓட்ட வேண்டும். முதலில் வீடியோவைப் போட்டுவிட்டால் நமக்கு வேண்டிய வரிகள் கிடைக்காமல் போகலாம். அப்படியே செய்தேன். சரசரவென்று வரிகள் ஓடின. நடுவில் எரர் என்ற சொல்லோடு ஒன்று: கோப்பில் "மூவ்" என்ற பகுதி இல்லை, அதனால் திறக்க முடியவில்லை என்று பொருள்.

எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணைதான் இந்த மூவ். எம்பி4 கோப்புகள் பலவற்றில் அது கடைசியில்தான் இருக்கும். நகல் எடுப்பது பாதியில் நின்றுபோனால் அட்டவணை வந்து சேராது. பிறகு எந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கி மாட்டி என்ன பயன்? கோப்புகளின் அளவைப் பார்த்தேன். மற்ற மூன்றும் மூன்றரை ஜிபிக்கு மேல், இது 1.1 ஜிபி. ஸ்டூடியோவில் நகல் முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் இந்த அளவைக்கூடப் பார்க்கவில்லை.

பிளேயரை மூடினால் அந்த வரிகள் போய்விடும். அதே சாளரத்தில் சேவ் அஸ் கொடுத்து உரைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் கோப்புறைகளின் பெயரும் கணினியில் வைத்திருக்கும் பயனர் பெயரும் இருக்கக்கூடும். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, வீடியோ கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள்.

நான் அந்த உரைக் கோப்பை அனுப்பியதும் ஸ்டூடியோவின் குரல் மாறியது. மணிவிழாவின் மூல வீடியோவை அடுத்த வாரம் அழிக்க இருந்தார்களாம். கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. மறுநாளே புதிய நகல் வந்தது. அம்மா அதை மூன்று முறை பார்த்தார். கடைக்காரர் மட்டும் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. பில்லையும் பிளேயரின் செய்திப் பதிவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.