கணுக்கால் பிசகினால் எங்கே போவது? நீவலா, கட்டா, கரண்டா, பயிற்சியா

பேருந்திலிருந்து இறங்கும்போதோ, நடைபாதையில் கல் பெயர்ந்த இடத்திலோ, ஷட்டில் கோர்ட்டில் குதித்து இறங்கும்போதோ பாதம் உள்பக்கமாக மடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் வெளிக்கணு எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிடும். அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி, புளியும் கல்லுப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பத்து போடச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் சுளுக்கு எடுப்பவரின் போன் நம்பர் தருவார். அலுவலக நண்பர் "பேசாம மாவுக்கட்டு போட்டுடு" என்பார். ஜிம்முக்குப் போகிறவர் பிசியோவிடம் அனுப்புவார். தனக்கு இதில்தான் குணமானது என்று எல்லாருமே சத்தியம் செய்வார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான கணுக்கால் சுளுக்குகள், எதைச் செய்தாலும், சில வாரங்களில் நடமாடும் அளவுக்குத் தேறிவிடும். அதனால் "குணமானதா?" என்று கேட்டு இந்த வழிகளை ஒப்பிட்டால் எல்லாமே ஜெயித்துவிடும். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு செலவு, அடுத்த ஒரு வருடத்துக்குள் அதே கால் மறுபடி பிசகுகிறதா என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆனால் காசும் வலியும் அதில்தான் இருக்கிறது. முதல்முறை பிசகியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த டப்ளின் ஆய்வொன்றில் 40 சதவீதம் பேருக்குக் கால் அடிக்கடி தடுமாறும் நிலை தங்கிவிட்டிருந்தது.

வெளிக்கணுவைச் சுற்றி மூன்று ஜவ்வுகள் இருக்கின்றன. கால் உள்பக்கம் மடங்கும்போது முன்பக்க ஜவ்வுதான் பெரும்பாலும் முதலில் அடிவாங்கும். எலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பதோடு, பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி தகவல் அனுப்பும் நரம்பு முனைகளும் அந்த ஜவ்வில் உண்டு. அது கிழிந்தால் அந்தத் தகவலும் மங்கிவிடுகிறது. வீக்கம் வற்றி வலி போன பிறகும் மேடுபள்ளத்தில் கால் திடீரென்று சரிவது இதனால்தான்.

முதலில் எலும்பு

எந்த வழிக்குப் போவதற்கு முன்னாலும் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரின் குழு இதற்கு எளிய விதிகளை வகுத்தது. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் புழங்குகிறது. வெளிக்கணு அல்லது உள்கணு எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பு தொடங்கும் முண்டில் வலிக்கிறதா? உள்பாதத்தின் வளைவுக்கு மேலே துருத்தும் எலும்பில் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவரிடம் போனபோதும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் மட்டும் இந்த விதியை வீட்டிலேயே வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நீவலும் புத்தூர் கட்டும்

ஆந்திராவின் புத்தூர் பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை கட்டு வைத்தியசாலைப் பலகைகள்! மூலிகைச் சாறு, மூங்கில் பத்தை, இறுக்கமான துணிக்கட்டு. சுளுக்குக்கு என்றால் பல இடங்களில் முதலில் எண்ணெய் போட்டு நீவிவிட்டு, பிறகு கட்டுவார்கள். செலவு குறைவு, காத்திருக்க வேண்டாம், பேச்சு நம் ஊர்ப் பேச்சு. மக்கள் அங்கே போவதில் ஆச்சரியமே இல்லை.

கட்டையும் நீவலையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது. கட்டு, அளவான இறுக்கத்தில் இருந்தால், கணுவை அசையாமல் பிடித்து வலியைக் குறைக்கும். அந்த வேலையை அது ஒரு பிரேஸ் (கணுவைச் சுற்றி மாட்டும் தாங்கி) போலவே செய்கிறது. நீவல் வேறு சங்கதி. முதல் இரண்டு மூன்று நாளில் கிழிந்த ஜவ்வைச் சுற்றி ரத்தம் கசிந்து வீங்கியிருக்கும். அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தித் தேய்த்தால் கசிவும் வீக்கமும் கூடலாம். "மடக்" என்று சத்தம் வந்தவுடன் "பிசகினது உட்கார்ந்துடுச்சு" என்பார்கள். சுளுக்கில் எந்த எலும்பும் இடம் மாறியிருப்பதில்லை, உட்காரவைக்க அங்கே ஒன்றும் கிடையாது. அது முறிவாக இருந்து, எக்ஸ்ரே எடுக்காமல் நீவினால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. இறுக்கிய கட்டுக்குக் கீழே விரல் நீலமானாலோ, மரத்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். புளிப் பத்து தோலைச் சுடாத சூட்டில் இருந்தால் கெடுதல் இல்லை. பெரிய நன்மையும் இல்லை.

ஐஸ், கிரேப் பேண்டேஜ், மாவுக்கட்டு

ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கிவைப்பது என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து "ரைஸ்" (RICE) என்று ஒரே சொல்லாக்கிப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 1978இல். 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். இன்று ஐஸுக்கு மிஞ்சியிருக்கும் வேலை வலியைக் குறைப்பது. துணியில் சுற்றி ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், அவ்வளவுதான். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவதற்கு ஐஸைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. மெல்லத் தடவினால் போதும், அதைச் சாக்காக வைத்து நீவக் கூடாது.

மாவுக்கட்டு விஷயத்தில் நம்மில் பாதிப் பேர் அதைத் தெய்வமாகவும், மீதிப் பேர் "காலைக் குச்சியாக்கிவிடும்" என்று பூதமாகவும் பார்க்கிறார்கள். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இரு தரப்பையும் கொஞ்சம் அடக்குகிறது. காலையே ஊன்ற முடியாத அளவுக்குக் கடும் சுளுக்கு வந்த 584 பேரை நான்காகப் பிரித்தார்கள். குழாய் போன்ற எலாஸ்டிக் கட்டு, காற்றடைத்த பிரேஸ், விலை கூடிய பூட், முழங்காலுக்குக் கீழ் 10 நாள் மாவுக்கட்டு. 3 மாத முடிவில் மாவுக்கட்டுக்காரர்கள் எலாஸ்டிக் கட்டுக்காரர்களைவிட நன்றாக இருந்தார்கள். பிரேஸும் சில அளவைகளில் தேறியது. விலை கூடிய பூட்டுக்குத் தனி லாபம் தெரியவில்லை. 9 மாதத்தில் நான்கு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

ஆக, ஊன்றவே முடியாத கடும் சுளுக்குக்கு 10 நாள் மாவுக்கட்டு நியாயமான தேர்வு. இங்கே அதை மூன்று வாரம், ஒரு மாதம் என்று நீட்டுவதுதான் பிரச்சினை. நடுத்தரச் சுளுக்குக்கு அதுவும் தேவையில்லை. வட அயர்லாந்தில் 101 பேரை வைத்து 2010இல் பார்த்தபோது, முதல் வாரத்திலேயே மெல்லக் கணுவை அசைக்கும் பயிற்சியைத் தொடங்கியவர்கள், ஓய்வும் ஐஸும் மட்டும் எடுத்தவர்களைவிட முதல் இரண்டு வாரங்களில் நன்றாக இயங்கினார்கள். அடிக்கு மேல் அடி எடுத்து வைக்க முடிந்தால் நடக்கலாம். வலி பொறுக்கும் அளவுதான் எல்லை.

கரண்ட் வைப்பது

பிசியோதெரபி என்றதும் பலர் மனதில் வருவது இந்தக் காட்சி. திரை இழுத்த ஒரு கட்டில். கணுவில் சில்லென்று ஜெல் தடவி, ஒரு குமிழை வட்டமாக ஐந்து நிமிடம் தேய்ப்பார்கள், அது அல்ட்ராசவுண்ட். பிறகு நான்கு பட்டைகளை ஒட்டி ஊசி குத்துவது போலக் கரண்ட் ஓடவிடுவார்கள். டைமர் "டிங்" என்றதும் எடுத்துவிட்டு, "நாளைக்கு இதே டைம் வாங்க". பத்து சிட்டிங்குக்கு முன்பணம். காலைத் தரையில் ஊன்றச் சொல்லி யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இது பணத்துக்குக் கேடு. கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றே 2011இல் முடிவுக்கு வந்தது. கரண்ட் அந்த நேரத்துக்கு வலியை மழுங்கடிக்கலாம், ஜவ்வின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நல்ல பிசியோ வேறு மாதிரி வேலை செய்வார். முதலில் அடிபடாத காலைத்தான் பார்ப்பார். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்வார். பெருவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை விரல் இடைவெளி வரை முடிகிறது என்று இரு காலுக்கும் அளந்து குறித்துக்கொள்வார். நல்ல காலில் ஐந்து விரல், அடிபட்டதில் இரண்டு விரல் என்றால் மூட்டு இன்னும் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கையால் மூட்டை மெல்ல நகர்த்தித் தளர்த்துவார். பிறகு ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார், குதிக்கச் சொல்வார். வீட்டுப்பாடம் கொடுத்து, அடுத்தமுறை அதைச் செய்தீர்களா என்று கேட்பார். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும். ஆனால் பயிற்சியைக் காட்டித்தர ஒரு தடவை போனாலே போதுமே.

கிளினிக்கா, வீடா?

இங்கேதான் எனக்குப் பிசியோ நண்பர்களோடு சண்டை வரும். 2016இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் நடுத்தரம் வரையிலான சுளுக்கு வந்த 503 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரையோடு பிசியோவின் நேரடிப் பயிற்சி, ஏழு சிட்டிங் வரை. மற்றப் பிரிவுக்கு அறிவுரை மட்டும். 3 மாதத்தில் "அருமையாகத் தேறினார்" என்று சொல்லத்தக்கவர்கள் முதல் பிரிவில் 43 சதவீதம், இரண்டாவதில் 37. அந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் கணக்கு.

இதைப் பார்த்துவிட்டு "அப்போ பயிற்சியே வீண்" என்று முடிவு கட்டுகிறவர்கள் 2009இல் வந்த நெதர்லாந்து ஆய்வையும் படிக்க வேண்டும். சுளுக்கு வந்து வழக்கமான சிகிச்சை முடித்த 522 விளையாட்டுக்காரர்களில் ஒரு பாதிக்கு மட்டும் 8 வாரச் சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் மூன்று முறை, வீட்டில், மேற்பார்வை எதுவும் இல்லாமல். ஒரு வருடத்தில் மறுபடி சுளுக்கு வந்தது பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு, செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: சீக்கிரம் குணமாவதில் பிசியோ கிளினிக் பெரிதாக ஒன்றும் கூட்டவில்லை. அடுத்த சுளுக்கைத் தடுப்பதில் சமநிலைப் பயிற்சி நன்றாகவே கூட்டுகிறது, அதற்குக் கிளினிக் கட்டில் வேண்டாம். முதல் வாரத்துக்கு எந்தக் கட்டு என்று இவ்வளவு அடித்துக்கொள்கிறோம். மூன்றாவது வாரத்தில் வலி போனதும் எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிடுகிறோம். நிஜமான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சமையல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நில்லுங்கள். கணுவைச் சுற்றித் தசைநார்கள் துடிப்பது தெரியும், துடிக்கட்டும். பிடிக்காமல் நிற்க வந்தால் தலையை இடவலமாகத் திருப்புங்கள். அதுவும் வந்தால் கண்ணை மூடுங்கள், இதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுவார்கள். பிறகு மடித்த தலையணை மேல் நிற்பது. அப்புறம் ஒற்றைக்காலில் நின்றபடி சுவரில் பந்தடித்துப் பிடிப்பது. நடுவில் மாடிப்படி ஓரத்தில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, முதலில் இரண்டு காலில், பிறகு ஒன்றில். விளையாடுகிறவர்கள் கடைசி வாரங்களில் பக்கவாட்டில் குதித்து ஒற்றைக்காலில் இறங்கி ஆடாமல் நிற்பதையும் சேர்க்க வேண்டும்.

பிரேஸ் எங்கே வருகிறது

அதே நெதர்லாந்தில் 2014இல் வந்த இன்னொரு ஆய்வு பயிற்சிப் பிரியர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். 384 விளையாட்டுக்காரர்களில் ஒரு பிரிவு 8 வாரப் பயிற்சி செய்தது, இன்னொன்று ஒரு வருடம் விளையாடும்போதெல்லாம் பிரேஸ் போட்டது, மூன்றாவது 8 வாரத்துக்கு இரண்டையும் செய்தது. மறுபடி சுளுக்கு வந்தவர்கள் முறையே 27, 15, 19 சதவீதம். பிரேஸ் ஜெயித்துவிட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பிரேஸ் விளையாடும்போதெல்லாம் காலில் இருக்கிறது, பயிற்சி எட்டு வாரத்தோடு நின்றுபோகிறது. ஆனால் வீட்டிலும் தெருவிலும் செருப்புக்கு மேல் யாரும் பிரேஸ் மாட்டப் போவதில்லை.

எனவே கபடி, வாலிபால், ஷட்டில் ஆடுகிறவர் என்றால் பிரேஸ், பயிற்சி இரண்டும், பிரேஸ் ஒரு வருடத்துக்கு. வெறும் சாக்ஸ் போல இழுத்து மாட்டும் வகையை நான் வாங்க மாட்டேன். கயிறு கட்டி இறுக்குவதோ, இருபுறமும் கெட்டித் தகடு வைத்ததோ வாங்குங்கள், வாங்கும்போது விளையாடும் ஷூவையும் கையோடு கொண்டுபோங்கள். உட்கார்ந்த வேலை பார்க்கிறவருக்குச் சமையல் மேடைப் பயிற்சி போதும். அறுபதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே தடுமாறுகிறவர்கள் தனியாகக் கண்ணை மூடி நிற்கும் விஷப்பரீட்சையில் இறங்காமல் ஒரு பிசியோவின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கால் சரிந்துகொண்டே இருந்தாலோ, வலி வெளிக்கணுவில் இல்லாமல் அதற்கு மேலே இரு எலும்புகளுக்கு நடுவே இருந்தாலோ, மூட்டுக்குள் ஏதோ சிக்குவது போலத் தோன்றினாலோ எலும்பு மருத்துவரிடம் போய் எம்ஆர்ஐ பற்றிக் கேட்கலாம். அங்கேயும் அறுவை சிகிச்சை கடைசிப் பேச்சுதான்.