வெளிநாட்டுக்குக் கார் விற்க எஸ்க்ரோ டாட் காம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டவருக்குப் பழைய கார் விற்பவர்களுக்கு எஸ்க்ரோ டாட் காம் உருப்படியான சேவை. வாங்குபவர் கட்டும் பணத்தை நிறுவனம் பிடித்து வைக்கும். அவர் வண்டியைப் பார்த்து ஏற்றபின் உங்களுக்கு விடுவிக்கும். கட்டணத்தை யார் தருவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளலாம், பாதிப் பாதியும் உண்டு.

காசோலையோடு ஒப்பிட்டால் அருமை தெரியும். வங்கிக் காசோலையைப் போட்ட மறுநாளே கணக்கில் தொகை தெரியும். அது போலி என்று திரும்பி வரச் சில வாரங்கள்கூட ஆகும். இந்த இடைவெளிதான் மோசடிக்காரனின் மூலதனம்: விலைக்கு மேல் காசோலை அனுப்பி, "மிச்சத்தைக் கப்பல் ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்பான். பேபாலும் உதவாது, அதன் விற்பனையாளர் பாதுகாப்பில் வாகனங்கள் சேராது.

குறை, காத்திருப்பு. கப்பல் போய்ச் சேரும்வரை பணம் முடங்கும். எனவே துறைமுகத்தில் வாங்குபவரின் ஏஜென்ட் வண்டியைச் சோதித்துப் பெறுவதையே ‘டெலிவரி’ என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏற்றுமதிக்கு 72 மணி நேரம் முன்பே சுங்கத்துறைக்கு அசல் டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) வேண்டும் என்பது உண்மைதான்; அதைக் காட்டி வாங்குபவர் அவசரப்படுத்தினாலும், பணம் வந்துவிட்டதென்று தளத்தில் உங்கள் கணக்கிலேயே பார்க்காமல் டைட்டிலையோ சாவியையோ தராதீர்கள்.

இந்தத் தளத்தின் பெயரில் போலிகள் ஏராளம். வாங்குபவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள்; முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வேறொரு எஸ்க்ரோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாரா? வேறு ஆளைப் பாருங்கள்.