காந்திபுரமா, ரேஸ் கோர்ஸா? தெருவில் பாடுபவருக்கு எது தோது

கோவையில் தெருவில் பாடுகிறவர்களை இந்த இரண்டு இடங்களிலும் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

காந்திபுரத்தில் டவுன் பஸ், வெளியூர் பஸ், திருவள்ளுவர் என்று நிலையங்கள் அடுத்தடுத்து இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நின்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை. அங்கே பாடுபவர்களில் பார்வையற்றவர்கள் பலர். சக்கரம் வைத்த ஸ்பீக்கர், அதில் கரோக்கி, கழுத்தில் தொங்கும் டப்பா, டப்பாவிலேயே ஒட்டிய ஸ்கேனர் அட்டை. "ஈரோடு, ஈரோடு" என்று கூவும் கண்டக்டரையும் ஹாரனையும் தாண்டி முதல் வரி காதில் விழ வேண்டும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த எண்பதுகளின் பாட்டைத்தான் எடுப்பார்கள். பல்லவி முடிவதற்குள் பஸ் கிளம்பிவிடும். சரி, ஆசைக்கா பாடுகிறார்கள்? அன்றைய அரிசிக்குத்தான். அதற்காக ஆசையே இல்லை என்றாகிவிடாது. கூட்டம் வடிந்த மத்தியானத்திலும் சரணம்வரை விடாமல் பாடுகிறவரைக் கேட்டால் தெரியும்.

ரேஸ் கோர்ஸ் வேறு. சுமார் 2.5 கி.மீ. நடைபாதை, சுற்றி வருகிறவர்கள் ஒரே மாலையில் அதே ஆளை இரண்டு தடவையாவது கடப்பார்கள். கிடார் பழகும் கல்லூரிப் பையனுக்கு இதுதான் தோது. அவனுக்குக் காசைவிட ரீல்ஸ் முக்கியம். அதைப் பார்த்து யாராவது கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டால் அப்புறம்தான் வருமானம்.

வயிற்றுப்பாடு என்றால் காந்திபுரம். பத்துப் பத்தாகச் சேரும். பெயர் எடுக்க ரேஸ் கோர்ஸ். மாசியில் கோனியம்மன் தேரன்று டவுன்ஹால் பக்கம் போகலாமே என்று தோன்றும். ஆனால் ஜமாப் மேளம் அடிக்கிற இடத்தில் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது.