கோயமுத்தூர்ப் பக்கம் பெட்ரோல் அடிக்கும்போது

இங்கே சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் (எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைச் சொல்லும் எண்) வெகுநாள் 91-ஆக இருந்தது. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் அதைக் கேட்டதும், அங்கே போடும் 87-ஐவிட உசத்தி என்று நினைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கோ 95 இல்லையே என்று குறையாக இருந்தது. இரண்டுமே தேவையில்லாதது. நம்மூரில் சொல்வது ரான் எண். ரான், மான் என்பவை ஆக்டேனை அளக்கும் இரண்டு சோதனை முறைகள்; அமெரிக்க எண் அந்த இரண்டின் சராசரி. அந்த 87-உம் இந்த 91-உம் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டியின் கையேடு கேட்பதைவிட உயர்ந்த எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பலன் இல்லை.

தினமும் காலை 6 மணிக்கு விலையைப் புதுப்பிக்கும் முறை 2017 ஜூன் 16 முதல் இருக்கிறது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வராது. மத்திய கலால் வரிக்கு மேல் மாநில வாட் வரி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது அந்த வாட் 13 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று ஆனது. டெப்போவிலிருந்து லாரி வரும் தூரமும் விலையில் ஏறும். கொச்சியிலிருந்து கரூர் போகும் பெட்ரோல் குழாய் கோவை வழியாகத்தான் வருகிறது, அதனால் இங்கே அந்தத் தூரம் குறைவு. மலையேறி ஊட்டி போனால் விலையும் ஏறிவிடும். பாலக்காடு போகிறவர்கள் வாளையாருக்கு இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்ளலாம், கேரளத்தில் வரி அதிகம்.

"ஏனுங்ணா, ஜீரோ பாத்துக்குங்க" என்பார் பங்க் பையன். ஜீரோவோடு கண்ணை எடுத்துவிடக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டால் 200-இல் நிறுத்தி, "தப்பாக் கேட்டுருச்சுங்க, மீதி 800 போட்டர்றேன்" என்பது பழைய வித்தை. மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவராமல் 200-இலிருந்தே ஓட்டி 800-இல் நிறுத்துவார்கள். 200 ரூபாய் போச்சு. நடுவில் நின்றால், அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குப் புதிதாக ஜீரோவிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் கேனைக் கேட்கலாம், தர மறுக்கக் கூடாது. கேனில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமதரையில் வைத்து அடித்தால், கூடவோ குறையவோ 25 மில்லிக்குள் இருக்க வேண்டும். கலப்படச் சந்தேகத்துக்கு ஃபில்டர் பேப்பர்: நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள், இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய வேண்டும். லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் அது பெட்ரோலின் நிறம்தான், சண்டைக்குப் போக வேண்டாம். அடர்த்தியையும் கேட்கலாம். 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிய கணக்கு, பங்க்கின் பதிவேட்டில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் கேள்வி கேளுங்கள்.

மைலேஜ் குறைந்ததற்கு மட்டும் பங்க்காரரைத் திட்டாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு.

அதைவிடப் பெரிய தொல்லை, வருடம் முழுக்கத் திண்ணையோரம் நிற்கும் அப்பாவின் பழைய பைக். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் அளவு மீறியதும் இரண்டும் சேர்ந்து டேங்க்கின் அடியில் இறங்கிவிடும். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றி உதைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கார்புரேட்டரின் டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்க்கை முழுக்க இறக்க வேண்டியதுதான். கூடவே பெட்ரோல் டியூபையும் அழுத்திப் பாருங்கள். ரப்பர் உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.