இருந்த கோலம், நின்ற கோலம்: கல்யாணப் பெண்ணுக்கு எந்தப் புடவை எடுப்பாக இருக்கும்?

பெருமாளுக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று. கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு. முகூர்த்தத்தில் மணையில் உட்கார்ந்திருப்பாள், வரவேற்பில் மேடையில் நின்றுகொண்டிருப்பாள். புடவை எடுக்கப் போகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, தோளில் முந்தியைப் போட்டுப் பார்த்து, "நல்லா தூக்கலா இருக்கு, பில் போடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

முகூர்த்த நேரத்தில் அந்த முந்தி முதுகுக்குப் பின்னால் போய்விடும். மார்பை மாலை மறைத்துவிடும். தாலி கட்டும் படங்களில் தெரிவது மடி, முழங்கால், ரவிக்கைக் கை, இவ்வளவுதான். அதனால் முகூர்த்தப் பட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது புடவையின் உடலும் (கரையும் முந்தியும் போக மீதிப் பகுதி) அதில் நெய்த புட்டாவும் (சின்னப் பூ வேலை). வரவேற்புப் புடவைக்குத்தான் கரையும் முந்தியும் முதலில். கடை ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும்போதே புடவையைத் தோளில் போடாமல் மடியில் விரித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அகலக் கரையா, அளவான கரையா

'முகூர்த்தப் பட்டு என்றால் கரை அகலமாக இருக்க வேண்டும்' என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். அகலக் கரை யாரைக் கெடுக்கிறது, ஏன் கெடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு.

புடவையின் அகலம் பொதுவாக 46 முதல் 48 அங்குலம். 5 அடி உயரப் பெண்ணுக்குச் செருப்பில்லாமல் தொப்புளிலிருந்து தரை வரை சுமார் 36 அங்குலம் வரும். மீதி 10 முதல் 12 அங்குலத் துணி இடுப்புக்குள் போகிறது. 5 அடி 7 அங்குலம் இருப்பவருக்கு உள்ளே போவது 7 அங்குலம்தான். இரண்டு பக்கமும் ஒரே அகலக் கரை உள்ள புடவையில், அப்படி உள்ளே போவது வெறும் பட்டுத்துணி இல்லை, ஜரிகை நிறைந்த மேல் கரை. அது இடுப்பைச் சுற்றி வந்து, கொசுவம் செருகும் இடத்தில் அடுக்கடுக்காகத் தடித்து நிற்கும். கட்டியவர் குண்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பொதிதான். பழியோ 'உடம்பு போட்டுட்டா' என்று பெண் மேல் விழும்!

இதற்குத் தீர்வு எளிது. கீழே பெரிய கரை, மேலே சின்னக் கரை வைத்த புடவைகள் காஞ்சிபுரத்திலேயே நிறைய நெய்கிறார்கள். உயரம் குறைந்தவர்களுக்கு அகலக் கரைதான் வேண்டுமென்றால் இப்படிக் கேட்டு வாங்கலாம்.

அடுத்த சிக்கல் தோளில். தோள் மடிப்பு வழக்கமாக 4 அங்குலம் வைப்பார்கள். கரை 8 அங்குலம் என்றால் மேலே தெரியும் மடிப்பு முழுக்கக் கரையாகவே இருக்கும். ஆசைப்பட்டு எடுத்த உடல் நிறம் மார்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. 3 அங்குலக் கரை என்றால் கரையும் தெரியும், அதன் பக்கத்தில் உடல் நிறமும் ஒரு கோடாகத் தெரியும்.

நெட்டையாக, ஒல்லியாக இருப்பவர்களுக்கு நேர்மாறு. அவர்களுக்கு 8, 10 அங்குலக் கரை கம்பீரம். சின்னக் கரை கட்டினால் நீளம் இன்னும் நீளமாகிவிடும்.

கரையின் நிறமும் அகலத்துக்குச் சமமாக வேலை செய்யும். கோர்வைப் புடவையில் கரைக்குத் தனித் தறிநாடா, உடலுக்குத் தனித் தறிநாடா. இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதால் நிறம் கத்தியால் கீறியதுபோல் மாறும். மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கரை அழகுதான். ஆனால் அந்தக் கோடு கால் பகுதியைக் குறுக்கே வெட்டி உயரத்தைக் குறைத்துக் காட்டும். ஒரே நிறக் கரை அப்படி வெட்டாது. கான்ட்ராஸ்ட் கரைதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் கோபுரக் கரை நடுவழி: முக்கோணங்கள் மேல்நோக்கி ஏறுவதால் வெட்டு அவ்வளவு உறைக்காது.

கோடு, கட்டம் போட்ட புடவையில் பலர் ஏமாறுவார்கள். மேசையில் விரித்துப் பார்க்கும்போது புடவையின் நீளவாக்கில் ஓடும் கோடு, கட்டியபின் காலைச் சுற்றிப் படுக்கைக் கோடாகிவிடும். அகலவாக்கில், கரையிலிருந்து கரைக்கு ஓடும் கோடுதான் கட்டிய பிறகு நெடுங்கோடாக நின்று உயரம் காட்டும். முதுகில் தொங்கும் முந்தியில் இது அப்படியே தலைகீழ்.

கனத்த பட்டா, சாஃப்ட் சில்க்கா

ஜரிகை நிறைந்த காஞ்சிபுரம் ஒரு கிலோவைத் தாண்டும். சாஃப்ட் சில்க் 400, 500 கிராமில் முடிந்துவிடும். ஆரணிப் பட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

கனத்த பட்டு விறைப்பாக நிற்கும், உடம்பில் ஒட்டாது. ஒல்லியானவர்களுக்கு அந்த விறைப்பே பூரிப்பைத் தரும். உட்கார்ந்தாலும் மடியில் புட்டா சுருங்காமல் பலகை போல விரிந்து தெரியும். முகூர்த்தத்துக்கு இதை அடித்துக்கொள்ள வேறில்லை. ஆனால் பூசினாற்போல இருப்பவர்களுக்குக் கொசுவம் முன்னால் குடைபோல விரிந்துகொள்ளும். சாஃப்ட் சில்க் கட்ட எளிது, நின்றால் வழிந்து விழும். அதே குணத்தால் வயிற்று மடிப்பையும் உள்பாவாடையின் நாடா முடிச்சையும் ஒளிக்காமல் காட்டிக்கொடுக்கும். ஹோமப் புகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மடியில் சுருக்கமும் விழும். பருமனானவர்களுக்கு நாங்கள் சொல்வது இரண்டும் இல்லை: 600, 700 கிராம் எடையில், 4 அங்குலத்துக்கு மேற்படாத கரையோடு, சின்னச் சின்னப் புட்டா நெருக்கமில்லாமல் போட்ட பட்டு.

அவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 6 கஜம் என்பது ஐந்தரை மீட்டர், சுமார் 216 அங்குலம். இடுப்புச் சுற்றளவு 10 அங்குலம் கூடினால் கொசுவத்தில் ஒன்றரை, இரண்டு மடிப்பு குறையும், ஏனென்றால் 5 அங்குல மடிப்பு ஒன்றுக்கு 10 அங்குலத் துணி போகிறது. மடிப்பு குறைந்தால் காலடி குறுகும். அக்னியை வலம் வரும்போதும் அம்மி மிதிக்கும்போதும் இழுக்கும். ஆகவே முந்தியை முழங்கால் வரை தொங்கவிடும் ஆசையைக் கொஞ்சம் குறைத்து, அந்தத் துணியைக் கொசுவத்துக்குக் கொடுங்கள்.

நிறம்

'மாநிறத்துக்கு மஞ்சள் வேண்டாம், கறுப்புக்குப் பச்சை வேண்டாம்' என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் நீலம்), இந்த அழுத்தமான நிறங்கள் நம் தோலுக்கு எதிராக வேலை செய்ததே இல்லை. தடுமாற வைப்பது வெளிர் நிறங்கள்தான். வெளிர் ரோஜாவும் சந்தனமும் தோல் நிறத்துக்கு மிக நெருங்கி வந்தால், வீடியோ விளக்கு வெளிச்சத்தில் புடவை எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வெளிர் நிறம் வேண்டுமென்றால் ரவிக்கையை இரண்டு படி அழுத்தமாக எடுங்கள். முகூர்த்தத்துக்கு மட்டும் வேண்டாம். அட்சதை மஞ்சளும் குங்குமமும் பட்டால் கறை தனியாகத் தெரியும்.

கடை விளக்கு எந்தப் பட்டையும் ராணியாக்கும். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரவேற்பு: புடவையா, லெஹங்காவா

இது நின்ற கோலம், மூன்று மணி நேரம். பனாரஸ் பட்டு இங்கே நன்றாக எடுபடும், முந்தி விரித்து விட்டால் முழு வேலைப்பாடும் தெரியும். பின்பக்க இழைகள் வெட்டாமல் விட்டிருந்தால் கொலுசும் மெட்டியும் மாட்டி இழுக்கும். வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள்.

லெஹங்காவுக்குப் பெரிய சாதகம், கட்டத் தெரிய வேண்டியதில்லை. பெரிய பாதகம் எடை: கல் வேலை போட்டது 5 கிலோவுக்கும் மேல் போகும், அத்தனையும் இடுப்பில் தொங்கும். வெறும் நாடா வைத்தது இடுப்பை அறுத்து, நேரம் ஆக ஆக இறங்கும். உள்ளே கேன்வாஸ் வைத்த இரண்டங்குலப் பட்டையும் கொக்கியும் தைக்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்தவர்கள் இடுப்புப் பட்டையைத் தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேலே வைத்தால் கால் நீண்டு தெரியும். உள்ளே வைக்கும் கேன்-கேன் வலை ஓர் அடுக்கு போதும். மூன்று அடுக்கு வைத்தால் பெண் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். நீள அளவு எடுக்கும்போது அன்று போடப்போகும் செருப்பே காலில் இருக்க வேண்டும். மறந்தால் ஒன்று தடுக்கும், அல்லது கணுக்கால் தெரியும்.

எங்கள் ஓட்டு, உயரம் குறைந்தவர்களுக்குப் புடவைக்குத்தான். தோளிலிருந்து தரை வரை இறங்கும் முந்தியின் ஒற்றைக் கோடு லெஹங்காவில் இல்லை. அங்கே வயிற்றில் ஒரு வெட்டு, அடியில் ஒரு பட்டை.

கெடுப்பது எது என்று பார்த்தால்

பெரும்பாலும் ரவிக்கையும் உள்பாவாடையும்தான். குட்டைக் கை மார்பின் மட்டத்தில் முடிவதால் அந்த இடத்தை அகலமாகக் காட்டும். முழங்கை வரை நீண்ட கை இடுப்புப் பக்கம் பார்வையை இறக்கும். ஆனால் 8 அங்குலக் கரையை 10 அங்குலக் கையில் வைத்தால் கை முழுக்க ஜரிகைதான். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு இடமே மிஞ்சாது. இரண்டில் ஒன்றை விடுங்கள். உள்ளே இருபக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லி, கடைசி அளவைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் பாருங்கள்.

உடம்பைப் பிடிக்கும் சாரி ஷேப்வேர் வரவேற்பில் அருமை. முகூர்த்தத்தில் தொல்லை, அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது; எலாஸ்டிக் கனத்த பட்டைத் தாங்காமல் இறங்கும். மணைக்குப் பருத்தி உள்பாவாடை, அழுத்தமான நாடா. சாட்டின் வேண்டாம், பட்டு வழுக்கும்.

புடவையின் கீழ்க்கரைக்கு உள்பக்கம் தைக்கும் ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். அப்படியே தைத்தால் பின்னால் அது சுருங்கிக் கரையை அலையலையாக இழுத்துவிடும், தேய்த்தாலும் நேராகாது. தோளில் ஊசி குத்தும்போது பின்பக்கம் ஒரு சிறு துணித்துண்டு வைத்துக் குத்தினால், ஒரு கிலோ இழுவையில் பட்டு கிழியாது.