ரிவால்வருக்கு ஈயக் குண்டு: ரீமிங்கா, ஃபயர் லேப்பிங்கா?

அமெரிக்காவில் .45 கோல்ட் தோட்டாவைச் சுடும் ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வர் வைத்திருக்கும் பலருக்குப் பழகிய தொல்லை இது: வார்த்த ஈயக் குண்டுகள் இலக்கில் ஓரிடத்தில் படாமல் சிதறிப் படும், குழலுக்குள் ஈயம் அப்பும். பெரும்பாலும் காரணம் சிலிண்டரின், அதாவது தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையின், முன்வாய்கள்; குண்டு இவற்றைக் கடந்துதான் குழலுக்குள் போகும். குழலின் பள்ள விட்டம் (உள்ளே சுருளாக வெட்டிய பள்ளங்களின் அடிக்கு அடி அளவு) 0.451 அங்குலமாக இருக்க, வாய் 0.450 அல்லது இன்னும் குறைவாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கிச் சிறுத்துவிடும். அப்புறம் அது குழலை இடைவெளியின்றி அடைக்காது; சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரிக்கும்.

துளையைச் சீவி விரிக்கும் கருவியான ரீமர் இதை நேராகச் சரிசெய்கிறது. ஆறு வாய்களும் ஒரே அளவுக்கு, சுமார் 0.4525க்கு, விரிகின்றன. 0.452 குண்டு விரலால் தள்ளினால் நுழைய வேண்டும்.

ஃபயர் லேப்பிங் குழலுக்கானது. ரிவால்வரின் உடற்சட்டத்தில் திருகிய இடத்தில் குழல் இறுகியிருந்தால், உராய்வுப் பசை பதித்த மென்மையான ஈயக் குண்டுகளைக் குறைந்த வேகத்தில் சுட்டு அந்த இறுக்கத்தைத் தேய்ப்பார்கள். அழுக்கான, பொறுமை கேட்கும் வேலை. தேய்ந்த உலோகம் திரும்பாது.

என்னைக் கேட்டால் ரீமிங்தான் முதலில். வாய் சிறியதாக இருக்கும்வரை குழலை எவ்வளவு மெருகேற்றினாலும் சிறுத்த குண்டுதான் அதற்குள் போகும். பிறகும் ஈயம் அப்பினால் லேப்பிங் பற்றி யோசிக்கலாம்.