ஏழு ஆண்டுகள் ஒரே கட்டானாவுடன்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த மறு ஆண்டு, வாள் உருவும் கலையான இயாய்டோ பயில்வதற்காக, வாள் தொழிலுக்குப் பேர்போன கிஃபு மாகாணத்துச் செகி நகரில் செய்த, கட்டானா எனப்படும் ஜப்பானிய வளைந்த வாள் ஒன்றை வாங்கினேன். அலகின் நீளம் ஜப்பானிய மரபு அளவையில் 2 ஷாகு 4 சுன் 5 பு, அதாவது ஏறத்தாழ 74 செ.மீ. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த கூரில்லாத அலகு என்பதால், எஃகு வாளுக்குக் கட்டாயமான பதிவுச் சான்றிதழ் இதற்குத் தேவைப்படவில்லை. ஏழு ஆண்டுகளாக வாரம் இருமுறை இதையே உருவி வருகிறேன்.

அலகைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. முதுகை ஒட்டி ஓடும் பள்ளம் எடையைக் குறைப்பதோடு, வீச்சின் கோணம் சரியாக அமைந்தால் காற்றைக் கிழிக்கும் தெளிவான ஓசையையும் எழுப்புகிறது. மணிக்கட்டு சற்றே திரும்பினாலும் அந்த ஓசை மங்கிவிடும். ஆனால் இந்த அலகின் வளைவு அச்சில் வார்த்தது. உண்மையான எஃகுக் கட்டானாவில் கொல்லர் முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, காய்ச்சி, நீரில் அமிழ்த்தும்போது, விளிம்பு விரைவில் குளிர்ந்து கடினமாகி விரிவதால்தான் அந்த வளைவு பிறக்கிறது. ஆசிரியரின் எஃகு வாளை ஒருமுறை ஏந்தியபோது அந்த வேறுபாட்டைக் கையிலேயே உணர்ந்தேன்.

தொல்லை கொடுத்தது மர உறைதான். அலகின் அடியிலுள்ள உலோகப் பட்டை உறைவாயில் இறுகி நின்றால்தான் வாள் நழுவாது. ஜூன் மழைக்காலத்தில் மரம் ஊதி, கட்டைவிரலால் எவ்வளவு தள்ளினாலும் வாள் அசையாது. ஜனவரியின் வறண்ட காற்றில் அதே வாய் தளர்ந்துவிடும். உருவும்போது இடக்கையால் உறையைப் பின்னிழுக்காமல் வலக்கையின் வலுவையே நான் நம்பியதால், மூன்றாம் ஆண்டில் அலகின் முதுகு உறைவாயை ஒரு பக்கமாகத் தேய்த்து, துடைக்கும் துணியில் மரத்தூள் படியத் தொடங்கியது. வணக்கம் செலுத்தக் குனிந்தபோது ஒருநாள் வாள் தானாகவே இரண்டு விரற்கடை வெளியே வந்தது. மெல்லிய மரச்சீவலை உள்ளே ஒட்டி, உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்திய பிறகே அது பழைய நிலைக்கு வந்தது.

பிடியையும் அலகையும் இணைப்பது ஒரு சிறு மூங்கில் ஆணி மட்டுமே. ஐந்தாம் ஆண்டில் அதில் மயிரிழை அளவு வெடிப்பைக் கண்டு உடனே மாற்றினேன். கவனியாமல் வீசியிருந்தால் அலகு எதிரே நின்றவர்மீது பாய்ந்திருக்கும். அன்று முதல், ஆணியை விரலால் தடவிப் பார்க்காமல் நான் வாளை உருவுவதில்லை. பிடியின் பருத்திக் கட்டு மட்டும் வியர்வையில் வழுவழுப்பாகிவிட்டது. இந்த ஆண்டு மாற்றியாக வேண்டும்.

இன்னொரு வாள் வாங்கினால், அலங்காரத்துக்கு ஆகும் பணத்தை நல்ல உறைக்கும் பிடிக்கட்டுக்குமே கொடுப்பேன்.